சிங்கப்பூர் – நியூயார்க் விமானம்: தொலைவும் பறக்கும் நேரமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் குடியிருப்பவர்களும், நியூயார்க், நியூஜெர்சி பக்கம் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரும் பயணச்சீட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். உலகில் இன்று ஓடும் இடைநில்லா விமானச் சேவைகளில் மிக நீண்டது இந்த வழித்தடம்தான் என்பதால், தொலைவுக்கும் நேரத்துக்கும் இடையே உள்ள குழப்பங்கள் எல்லாம் இங்கே பெரிதாகத் தெரிகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றைச் சார்ந்திருப்பதால், முதல் சில பதில்களை மட்டுமாவது வரிசையாகப் படிப்பது நல்லது.

1. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எத்தனை கிலோமீட்டர்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜான் எஃப். கென்னடி (ஜே.எஃப்.கே.) விமான நிலையம் வரை 15,349 கிலோமீட்டர். இது பூமிப் பரப்பின் மீது இரண்டு புள்ளிகளுக்கு இடையே வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். நில அளவையாளர்கள் அந்தக் கோட்டைப் பெருவட்டம் என்பார்கள். எந்த விமானமும் அந்தக் கோட்டின் மீது அப்படியே பறப்பதில்லை என்பதை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 10-ஆம் கேள்விக்கு வரும்போது அது தேவைப்படும்.

2. ஒரு பக்கத்தில் 9,537 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 8,288 என்று இருக்கிறது. எதை நம்புவது?

எல்லாமே ஒரே தொலைவுதான், அலகுதான் வேறு. 9,537 என்பது சாதாரண மைல், 8,288 என்பது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போடும் பக்கங்களை நம்ப வேண்டாம்.

அலகு ஒன்றாகவே இருந்தும் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் வேறுபட்டால் அதற்குக் காரணம் வேறு. பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 15,341 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. நடுவிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357 கிலோமீட்டர். அந்தத் தட்டையைச் சேர்த்துக் கணக்கிட்டால் 15,349 வரும். பயணிக்கு இதனால் ஒரு நிமிடம்கூட மாறாது.

3. நேரடி விமானம் எத்தனை மணி நேரம் ஓடும்?

பயணச்சீட்டில் இருக்கும் நேரப்படி 18 மணி முதல் 18¾ மணி வரை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில், நியூயார்க்கை ஒட்டி நியூஜெர்சியில் உள்ள நெவார்க் விமான நிலையத்துக்குத் தொடங்கிய சேவையில் போகும்போது 18 மணி 25 நிமிடம், திரும்பும்போது 18 மணி 45 நிமிடம் என்று அட்டவணையில் இருந்தது. 2020 நவம்பரில் ஜே.எஃப்.கே.க்குத் தொடங்கிய சேவையில் அவை முறையே 18 மணி 5 நிமிடமும் 18 மணி 40 நிமிடமுமாக இருந்தன. பருவத்துக்குப் பருவம் அட்டவணை மாறும், ஆனால் இந்த வரம்பைவிட்டு வெகுதூரம் போகாது.

4. இராத்திரி 11.35-க்குக் கிளம்பி காலை 6 மணிக்கு இறங்குகிறது என்று போட்டிருக்கிறார்களே, ஆறரை மணி நேரம்தானா?

இல்லை. கிளம்பும் நேரம் சிங்கப்பூர் மணி, இறங்கும் நேரம் நியூயார்க் மணி. விமான அட்டவணைகளில் எப்போதும் அந்தந்த ஊரின் மணியே இருக்கும். மேலே சொன்ன 2018 அக்டோபர் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். இரவு 11.35-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00-க்கு இறங்கியது. அப்போது நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால் இருந்ததால், நியூயார்க்கில் காலை 6.00 என்றால் சிங்கப்பூரில் அதே நாள் மாலை 6.00. இரவு 11.35 முதல் மாலை 6.00 வரை எண்ணினால் 18 மணி 25 நிமிடம் வந்துவிடும்.

இரண்டு நேரத்தையும் ஒரே ஊரின் மணிக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகள் எழவே எழா.

5. திங்கட்கிழமை இரவு நியூயார்க்கில் ஏறுபவர் புதன்கிழமைதான் வருவார் என்கிறார்கள். ஒரு நாள் எங்கே போயிற்று?

அதே கணக்குதான், ஆனால் குளிர்காலம் என்பதால் 13 மணி நேர வேறுபாடு. 2020 நவம்பர் அட்டவணையில் ஜே.எஃப்.கே.யிலிருந்து இரவு 10.30-க்குக் கிளம்பிய விமானம் சிங்கப்பூரில் காலை 6.10-க்கு இறங்கியது. திங்கள் இரவு 10.30-இல் நியூயார்க்கில் இருக்கும்போது சிங்கப்பூரில் செவ்வாய் பகல் 11.30. அதோடு 18 மணி 40 நிமிடத்தைக் கூட்டினால் புதன் காலை 6.10. நாள் எங்கும் போகவில்லை, செவ்வாயின் பெரும்பகுதியை வானத்தில் கழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அழைத்துவரப் போகிறவர்கள் நேரத்தைவிடத் தேதியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். சீட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக அச்சாகியிருக்கும் "+2" என்பதைப் பலரும் பார்ப்பதில்லை.

12 ஏன் 13 ஆகிறது என்றால், சிங்கப்பூர் ஆண்டு முழுவதும் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நியூயார்க் மாற்றுகிறது. மார்ச் மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை முதல் நவம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை வரை வேறுபாடு 12 மணி நேரம், மற்ற மாதங்களில் 13 மணி நேரம்.

6. ஜே.எஃப்.கே. போவதா, நெவார்க் போவதா? எது கிட்ட?

தொலைவில் ஐந்து கிலோமீட்டர்தான் வேறுபாடு; நெவார்க் 15,344 கிலோமீட்டர். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் 33 கிலோமீட்டர் இருந்தும் சிங்கப்பூரிலிருந்து பார்க்கும்போது அவை கிட்டத்தட்டச் சமமாக இருப்பது, அவை பக்கவாட்டில் அமைந்திருப்பதால். வீடு எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் என்றால் நெவார்க், குவீன்ஸ், லாங் ஐலண்ட் பக்கம் என்றால் ஜே.எஃப்.கே. என்று பார்த்து வாங்குங்கள்.

7. பசிபிக் வழியாகப் போவது கிட்டவா, ஐரோப்பா வழியாகப் போவது கிட்டவா?

இரண்டும் இல்லை. மிகக் குறுகிய கோடு வட துருவத்தை ஒட்டிப் போகிறது. சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, ஜே.எஃப்.கே. மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 178. அதாவது, இரண்டு ஊர்களும் உலகின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. அப்படி அமைந்த இரண்டு ஊர்கள் வடகோளத்திலேயே இருக்கும்போது, ஒன்றிலிருந்து நேர் வடக்கே ஏறித் துருவத்தைக் கடந்து மறுபக்கம் இறங்குவதே குறுக்கு வழி.

அந்தக் கோடு சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று மேலேறி, துருவத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தொலைவில் திரும்பி, கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையே இறங்கி, பாஃபின் தீவு, கியூபெக் வழியாக நியூயார்க்கை அடைகிறது. சுவரில் மாட்டும் உலகப் படத்தில் துருவம் என்பது ஒரு புள்ளியாக இல்லாமல் மேல் விளிம்பு முழுவதும் இழுபட்டுக் கிடப்பதால் இந்த வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

8. அப்படியானால் துருவத்தின் மேலேயே பறந்துவிட வேண்டியதுதானே?

பறக்கலாம், பறந்தும் இருக்கிறார்கள். 2004 முதல் 2013 வரை ஓடிய பழைய சேவையில் நியூயார்க் பக்கத்திலிருந்து திரும்பும் விமானம் துருவத்தை ஒட்டி வந்தது உண்டு. இப்போது அது வழக்கமாக இல்லாததற்கு முதற்காரணம் காற்று. அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன். இரண்டாவது, துருவத்தைக் கடந்து தெற்கே இறங்கினால் சைபீரியாவின் மேல்தான் இறங்க வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்ட பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ரஷ்ய வான்வெளியைத் தவிர்த்து வருகிறது.

மூன்றாவதாகக் குளிர். துருவ வானத்தில் நெடுநேரம் பறக்கும்போது இறக்கையில் உள்ள எரிபொருள் குளிர்ந்துகொண்டே வரும். சிங்கப்பூரில் நிரப்பப்படும் ஜெட் ஏ-1 என்ற வகை −47 பாகை செல்சியஸ் வரை உறையாமல் தாங்கும், அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ என்ற வகை −40 வரைதான் தாங்கும். ஆகவே, ஒரே விமானம்தான் என்றாலும் திரும்பும் பயணத்தில் இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவைப்படுகிறது. அவசரத்துக்கு இறங்கத் தகுந்த விமான நிலையங்கள் அந்தப் பகுதியில் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே என்று ஒருவர் சொன்னார். கேலி செய்கிறாரா?

கேலி இல்லை. பெரும்பாலான நாள்களில் நடப்பது அதுதான், இந்த வழித்தடத்தின் தனிச்சிறப்பும் அதுவே. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். சென்னை–லண்டன் போன்ற வழித்தடங்களில் ஒரு திசையில் அது தள்ளிவிடும், மறு திசையில் எதிர்த்து நிற்கும், தப்பிக்க வழியில்லை. ஆனால், 7-ஆம் கேள்வியில் பார்த்ததுபோல் சிங்கப்பூரும் நியூயார்க்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் சுற்று ஏறத்தாழ ஒன்றுதான். எனவே நியூயார்க் போகும் விமானம் ஜப்பான் பக்கமாக ஏறி வட பசிபிக்கைக் கடக்கிறது. திரும்பும் விமானம் அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா வழியாக வருகிறது. இரண்டிலும் காற்று முதுகில் இருக்கிறது. போய்த் திரும்பியவர் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். சீட்டில் அதற்காகத் தனிக் கட்டணம் எதுவும் போடுவதில்லை.

இதன் விளைவைச் சன்னலோரம் உட்கார்ந்தால் பார்க்கலாம். 4-ஆம் பதிலில் வந்த விமானம் இரவு 11.35-க்குக் கிளம்பிக் காலை 6.00-க்கு இறங்குவதால், கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஒரே இரவில் பயணம் முடிந்ததுபோல் தோன்றும். மேற்கே போயிருந்தால் அப்படித்தான், இருட்டோடு இருட்டாகவே போய்ச் சேர்ந்திருக்கும். கிழக்கே போவதால், சில மணி நேரத்தில் சூரியன் உதித்து, பசிபிக்கின் மேல் ஒரு பகல் முழுதும் விரைவாகக் கழிந்து, மீண்டும் இருட்டி, அந்த இரண்டாவது இரவின் முடிவில்தான் தரையிறங்குகிறது. நடுவில் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடப்பதால் ஒரு நாள் திருப்பிக் கொடுக்கப்பட்டு, கணக்கு நேராகிவிடுகிறது.

10. அப்போது உண்மையில் எத்தனை கிலோமீட்டர்தான் பறக்கிறது?

2018-இல் சேவையை அறிவித்தபோது நிறுவனமே சொன்ன எண் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர். மிகக் குறுகிய கோட்டைவிட இது 1,350 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் இது நிலையான எண் அன்று. ஒவ்வொரு நாளும் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்று, புயல், மூடப்பட்ட வான்வெளி, வான்வழிக் கட்டணம் எல்லாவற்றையும் வைத்து அன்றைய பாதையைப் புதிதாக வகுக்கிறார்கள்.

சுற்றிப் போவது நட்டமா என்று கேட்டால், கணக்கு இப்படி இருக்கிறது. காற்றே இல்லாத வானத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 15,349 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி நேரம் ஆகும். 16,700 கிலோமீட்டரையும் அதே 17 மணி நேரத்தில் கடக்க வேண்டுமானால் வழி நெடுக சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் போதும். ஜெட் ஸ்ட்ரீம் நல்லபடியாக அமைந்த நாளில் வட பசிபிக்கின் மேல் அதைவிட அதிகமே கிடைக்கும். ஆனால் முதல் நான்கைந்து மணி நேரம் வெப்பமண்டலத்தின் மேல் போகும்போது அந்தக் காற்று இருக்காது என்பதால், சராசரி எப்போதும் அவ்வளவு உயர்வதில்லை.

11. ஓர் இணையக் கணிப்பான் 19 மணி 34 நிமிடம் என்கிறது. நான் வகுத்தால் 17 மணி வருகிறது. சீட்டில் 18 மணி 25 நிமிடம். ஏன் இப்படி?

கணிப்பான் செய்வது மிக எளிய வேலை. 9,537 மைலை மணிக்கு 500 மைல் என்ற பொதுவான வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி நேரம் சேர்த்திருக்கிறது; அப்படிச் செய்து பாருங்கள், நீங்கள் சொல்லும் எண்ணே வரும். குறுந்தொலைவு விமானங்களுக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனெனில் அங்கே பயணத்தின் பெரும்பகுதி ஏறுவதிலும் இறங்குவதிலும் கழிகிறது. இந்த வழித்தடத்தில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் முழு வேகத்தில் போவதால் 500 மைல் மிகக் குறைவு. உங்கள் 17 மணியோ, விமானம் போகாத பாதையைக் காற்றில்லாத வானத்தில் கடந்ததற்கான கணக்கு.

சீட்டில் உள்ள நேரத்தில் மேலும் ஒன்று அடங்கியிருக்கிறது. வாயிலிலிருந்து விமானம் நகரத் தொடங்கிய நொடியிலிருந்து மறுமுனையில் வாயிலில் வந்து நிற்கும் நொடி வரை அதில் எண்ணப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் சேர்த்தி. ஆகையால் தொலைவை வகுத்து நேரம் கண்டுபிடிக்கும் வழியையே விட்டுவிட்டு, அட்டவணையைப் பாருங்கள். நேரத்தை அறிய விரும்புகிறவருக்கு 15,349 என்ற எண்ணால் பெரிய பயன் இல்லை.

12. பூமிதான் சுழல்கிறதே, விமானம் மேலே போய் நின்றால் நியூயார்க் தானே கீழே வந்துவிடாதா?

வராது. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது, அந்தக் காற்றுக்குள் இருக்கும் விமானமும் சுழல்கிறது. ஓடும் இரயிலுக்குள் பறக்கும் ஈ பெட்டியின் பின்சுவரில் போய் மோதாததுபோல்தான் இதுவும். சுழற்சி பயண நேரத்தைப் பாதிப்பது மறைமுகமாகத்தான்: ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்காக வளைந்து ஓடுவதற்குப் பூமியின் சுழற்சி ஒரு காரணம்.

13. இன்னும் வேகமாக ஓட்டினால் என்ன?

ஒலியின் வேகத்தில் 85 விழுக்காடு என்பது இந்த விமானத்தின் வழக்கமான வேகம். அதற்கு மேல் ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை திடீரென ஏறி, எரிபொருளை விழுங்கிவிடும். ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டு விமானத்தால் ஒரே மூச்சில் போக முடிந்த தொலைவு ஏறத்தாழ 7,200 கிலோமீட்டர்தான். இந்த வழியில் பாதிக்குக்கூட அது போதாது.

14. நடுவில் எண்ணெய் நிரப்பாமல் இவ்வளவு தூரம் எப்படிப் போகிறது? அத்தனை எடையைத் தூக்க முடியுமா?

இதற்காகவே ஆக்கப்பட்ட ஒரு வகை விமானம் இருக்கிறது: ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நெடுந்தொலைவு வகை). வழக்கமான ஏ350-900 விமானத்தில் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், இதில் 1,65,000 லிட்டர் கொள்ளும். வெளியே புதிய தொட்டி எதுவும் சேர்க்கவில்லை, இருக்கும் தொட்டிகளுக்குள்ளேயே குழாய்களையும் எரிபொருள் அமைப்பையும் மாற்றி அந்த இடத்தைக் கண்டெடுத்தார்கள். முழுதும் நிரப்பினால் எரிபொருள் மட்டுமே ஏறத்தாழ 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடையோ 280 டன். தூக்கும் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய்தான் என்றாகிறது. முதல் சில மணி நேரத்தில் எரியும் எண்ணெயில் ஒரு பங்கு, பின்னால் எரியப்போகும் எண்ணெயைத் தூக்கிச் செல்வதற்கே செலவாகிறது. தொலைவு கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான செலவும் கூடுவது இதனால்தான்.

இதே வழியில் 2004 சூன் மாதம் முதன்முதலாகப் பறந்தது நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500. முதலில் அதில் 181 இருக்கைகள் இருந்தன. 2008-இல் எல்லாவற்றையும் வணிக வகுப்பாக்கி 100 இருக்கைகளாகக் குறைத்தார்கள். அப்படியும் எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2018 அக்டோபர் 11 அன்று மீண்டும் தொடங்க முடிந்ததென்றால், இரண்டே எஞ்சினில், எடை குறைந்த கலப்புப் பொருளால் ஆன உடலில், அதே தொலைவைக் குறைந்த எண்ணெயில் கடக்க ஏ350 வழிசெய்ததுதான் காரணம். தொலைவு 2013-இலும் 2018-இலும் ஒன்றுதான், மாறியது செலவு.

15. எகானமி டிக்கெட்டே கிடைக்கவில்லையே, ஏன்?

யூ.எல்.ஆர். விமானத்தில் அந்த வகுப்பு இல்லை. வணிக வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94, ஆக மொத்தம் 161 இருக்கைகள் மட்டுமே. முன் பதிலில் சொன்ன எடைக் கணக்குதான் காரணம்: ஆள் குறைந்தால்தான் எண்ணெய்க்கு இடம். 2020 நவம்பரில் ஜே.எஃப்.கே. சேவை தொடங்கியபோது பெருந்தொற்றினால் பயணிகள் குறைந்து சரக்குக்குத் தேவை இருந்ததால், மூன்று வகுப்புகளும் கொண்ட வழக்கமான ஏ350-900 விமானத்தை ஓட்டினார்கள். ஆகவே, சீட்டு வாங்கும் நாளில் எந்த வகை விமானம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

16. இரண்டே எஞ்சினில் பசிபிக் பெருங்கடலைக் கடப்பது பயமாக இல்லையா? அம்மாவைத் தனியாக அனுப்புகிறோம்.

ஓர் எஞ்சின் நின்றுவிட்டாலும் மற்றொன்றைக் கொண்டே அருகில் உள்ள விமான நிலையத்துக்குப் போய்ச் சேர முடியும் என்பதை நிறுவிய பிறகே இத்தகைய பாதைகளுக்கு அனுமதி கிடைக்கிறது. அப்படி ஒற்றை எஞ்சினில் எத்தனை நிமிடத் தொலைவு வரை போகலாம் என்று ஒவ்வொரு விமான வகைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஏ350-900 வகைக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2014-இல் 370 நிமிடம் வரை ஒப்புதல் அளித்தது, அதாவது ஆறு மணி நேரத்துக்கும் மேல். வட பசிபிக் பாதையில் ஜப்பான், அலாஸ்கா விமான நிலையங்கள் அந்த வரம்புக்குள் தாராளமாகவே இருக்கின்றன.

எண்ணெயும் கடைசிச் சொட்டு வரை கணக்கிட்டு ஏற்றப்படுவதில்லை. இறங்க வேண்டிய இடம் மூடப்பட்டால் மாற்று நிலையத்துக்குப் போகவும், அங்கே மேலும் 30 நிமிடம் வட்டமிடவும் தேவையான எண்ணெய் சட்டப்படி தனியாக இருந்தாக வேண்டும். விமானியறைக்கு நான்கு விமானிகள் மாற்றி மாற்றிப் பணி செய்கிறார்கள். அம்மாவைப் பொறுத்தவரை எஞ்சினைவிடப் பதினெட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் கவலைக்குரியது. இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள். கால் வீக்கமோ இரத்தம் உறையும் தொல்லையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

17. சீட்டில் ஒரே விமான எண்தான் இருக்கிறது, ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கச் சொல்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் ஜே.எஃப்.கே.க்கு ஒரு சேவை நடத்துகிறது. எண் மாறாததால் பலரும் அதை இடைநில்லா விமானம் என்று எண்ணி வாங்கிவிடுகிறார்கள். சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200 கிலோமீட்டர், ஆக 16,500. இடைநில்லா விமானம் உண்மையில் பறக்கும் தொலைவாக 10-ஆம் பதிலில் வந்த எண்ணோடு இதை ஒப்பிட்டால், சுற்று என்றே சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பாதையில் முழுக்க மேற்கே போவதால் எதிர்க்காற்று, அத்துடன் நடுவில் காத்திருப்பு. மொத்தம் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். சீட்டு வாங்கும்போது நிறுத்தங்களின் எண்ணிக்கை 0 என்று இருக்கிறதா என்று பாருங்கள், விமான எண்ணைப் பார்த்துப் பயனில்லை.

18. சென்னையிலிருந்து நியூயார்க் போக சிங்கப்பூர் வழி நல்லதா, துபாய் வழி நல்லதா?

தொலைவை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. சென்னையிலிருந்து நியூயார்க் குறுகிய கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறத்தாழச் சம தொலைவு, இரண்டும் 2,900 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஒன்று கிழக்கே, மற்றது மேற்கே. ஆனால் அதற்குப் பிறகு துபாயிலிருந்து ஜே.எஃப்.கே. சுமார் 11,000 கிலோமீட்டர்தான், சிங்கப்பூரிலிருந்தோ 15,349. எனவே துபாய் வழி மொத்தம் ஏறத்தாழ 13,950, சிங்கப்பூர் வழி ஏறத்தாழ 18,270. முதலாவது குறுகிய கோட்டைவிட 450 கிலோமீட்டர்தான் கூடுதல், இரண்டாவது 4,750 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். தோகா, அபுதாபி, இலண்டன் வழிகளும் துபாய் வழியைப் போலவே இயல்பான திசையில்தான் அமைகின்றன.

அப்படியிருந்தும் சிங்கப்பூர் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் உறவினரைப் பார்க்க வேண்டியவர்கள், சாங்கியில் இடைவேளையைக் கழிப்பது எளிது என்று நினைப்பவர்கள், ஏதோ ஒரு வாரத்தில் கட்டணம் குறைந்ததால் வாங்கியவர்கள். அதில் தவறில்லை. சென்னையிலிருந்து நாலு, நாலரை மணி நேரம், பிறகு காத்திருப்பு, பிறகு 18 மணி நேரத்துக்கு மேல் என்பதைத் தெரிந்து வாங்கினால் சரி. முதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

19. இதைவிட நீண்ட விமானம் வருமா?

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னி–இலண்டன் இடைநில்லாச் சேவைக்காக 2022-இல் 12 ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்திருக்கிறது. அது ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். 2018 மார்ச்சிலிருந்து அதே நிறுவனம் பெர்த்–இலண்டன் இடையே 14,499 கிலோமீட்டரை ஓட்டிவருகிறது. இதற்கு மேல் அதிகம் நீள வழியில்லை. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்பதால், உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே குறுகிய கோடு 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது.

20. சீட்டில் போட்ட நேரத்துக்கு அரை மணி முன்பே இறங்கிவிட்டதாம். கூட்டிவர எத்தனை மணிக்குக் கிளம்புவது?

முன்கூட்டி இறங்குவது இந்த வழியில் அரிதல்ல. 2018 அக்டோபரில் சேவையை மீண்டும் தொடங்கிய முதல் விமானமே குறித்த நேரத்துக்குச் சுமார் அரை மணி நேரம் முன்னதாக, 18 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணத்தில் நெவார்க்கை அடைந்தது. 10-ஆம் பதிலில் சொன்னபடி பாதையும் காற்றும் நாளுக்கு நாள் மாறுவதால், நேற்றைக்கும் இன்றைக்கும் முக்கால் மணி நேரம் வேறுபட்டாலும் வியப்பில்லை. அட்டவணை போடுகிறவர்கள் மோசமான நாளையும் நினைத்துச் சற்றுத் தாராளமாகவே போடுகிறார்கள்.

விமானம் கிளம்பி மூன்று நான்கு மணி நேரம் ஆன பிறகு, அன்றைய பாதை தெரிந்துவிட்டதால், நிறுவனத்தின் தளத்தில் காட்டப்படும் எதிர்பார்க்கும் நேரம் ஓரளவு நம்பத்தக்கதாக இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் அதை மறுபடி ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவில் இறங்குபவர் குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். விசாவில் வருபவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே, அதிகாலை விமானத்துக்கு இரவெல்லாம் விழித்திருந்து காத்துக்கிடக்கத் தேவையில்லை. விமானம் தரையைத் தொட்ட செய்தி கிடைத்ததும் நியூஜெர்சியிலிருந்து காரை எடுத்தால் போதும்.